சஹனுக்கு ஆள் குறையுது

“என் வயித்துல சோறு தங்கும், சேதி தங்காது. ஒரு விஷயம் என் காதுல விழுந்துச்சுன்னா, அஸர் தொழுகைக்குள்ள தோஹா பூரா விழுந்துடும். சந்தேகம் ஈந்தா இப்பவே ஒரு ரகசியத்தச் சொல்லிப் பாருங்க!”

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலையில், தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரு டீக்கடை வாசலில், கஞ்சி போட்ட சட்டையோடும் கழுத்தோரம் அத்தரோடும் நின்று மஹ்மூது காக்கா வெளியிட்ட பிரகடனம் இது. கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. யாரும் ரகசியம் சொல்லவும் முன்வரவில்லை. அந்த அளவுக்கு அவர் மேல் நம்பிக்கை.

அதிராம்பட்டினத்துக்காரர். அந்த ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன், ஈந்தா என்றால் இருந்தா. நஜ்மாவில் மெஸ் நடத்தினார். மதியம் மீன் குழம்பு, வெள்ளிக்கிழமை பிரியாணி, சொல்லி வைத்தால் கல்யாண வீடுகளுக்கும் அரபி வீடுகளுக்கும் விருந்துச் சமையல். இது வெளியில் தெரிந்த தொழில். மற்றபடி அவர் ஒரு வானொலி நிலையம். குவைத்துக்குள் பட்டாளம் புகுந்த சேதியை நஜ்மா முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். வானொலி பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்துகொண்டது. எந்தக் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், யாருக்கு விசா முடிகிறது, எந்த ரூமில் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருடைய மெஸ்ஸில் ரசத்துக்கு முன்பே பரிமாறப்படும்.

அவருக்கு ஒரே ஒரு போட்டியாளர். காயல்பட்டினத்து ஹஸ்னைன். டீக்கடைக்குப் பக்கத்தில் அத்தர் கடை வைத்திருந்தவர். ஹஸ்னைனிடமும் சேதி வரும். ஆனால் வரும்போதே கொஞ்சம் வாசனை ஏற்றிக்கொண்டு வரும். “நான் சொல்லுறது நடந்தது. ஹஸ்னைன் சொல்லுறது நடந்திருந்தா நல்லா ஈந்திருக்கும்ங்கறது” என்பது மஹ்மூது காக்காவின் மதிப்பீடு.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு அரசாங்கம் தன் ரகசியத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தது.

தோஹாவைத் தலைநகராகக் கொண்ட அந்த நாட்டை வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டினால் நாடு விரலுக்கடியில் மறைந்துவிடும். ஆனாலும் அந்தப் பத்தாண்டுகளில் அதற்கு ஒரு பெரிய ஆசை பிறந்திருந்தது. உலகத்தில் யார் யாரோடு சண்டை போட்டாலும் நடுவில் போய் உட்கார வேண்டும் என்ற ஆசை. பெரிய நாடுகள் ஊரார் சண்டையில் தலையிட நினைத்தால் கப்பல் அனுப்பும். இந்த நாட்டிடம் அனுப்பும்படியான கப்பல் இல்லாததால் விமான டிக்கெட் அனுப்பியது. வாருங்கள், ஏசி போட்டிருக்கிறோம், உட்காருங்கள், சாப்பிடுங்கள், அப்புறமும் சண்டை போட மனமிருந்தால் போடுங்கள். இதுதான் அதன் வெளியுறவுக் கொள்கையின் சாரம். இதைவிட மோசமான கொள்கைகளுக்காகப் பலர் மாலை வாங்கியிருக்கிறார்கள்.

தொண்ணூற்றேழின் அக்டோபரில் அப்படி டிக்கெட் வாங்கி வந்தவர்கள் செங்கடலுக்கு அந்தப் பக்கத்து நாடொன்றின் இரு கூட்டத்தார். எந்த நாடு என்று இங்கே சொல்வதாக இல்லை. பாதி மலை, பாதி சமவெளி. மலைக்காரர்களும் சமவெளிக்காரர்களும் ஒரே மொழி பேசுவார்கள், ஒரே பள்ளியில் தொழுவார்கள், ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் சிறைகள் நிரம்பி வழிந்தன. முதலில் கைதிகளையாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

பெரிய ஹோட்டல்களில் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், ஊருக்கு வெளியே ஒரு வில்லாவில் ஏற்பாடு. பொறுப்பு ஜாசிம் என்ற இளம் அதிகாரிக்கு. ஜாசிம் வீட்டு விருந்துகளுக்குப் பத்து வருஷமாக மஹ்மூது காக்காதான் சமையல். அந்த உரிமையில் அவர் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

“யா மஹ்மூது, விருந்தாளிகள் வருகிறார்கள். கொஞ்ச நாளைக்கு மூன்று வேளையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

“யாரு அர்பாப் அவங்க?” என்றார் காக்கா. அர்பாப் என்றால் முதலாளி.

ஜாசிமுக்கு மஹ்மூதின் சமையலும் தெரியும், வாயும் தெரியும். ஒரு கணம் யோசித்தார். “மாட்டு வியாபாரிகள். விலையில் தகராறு. இரண்டு கட்சி. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.”

அஸர் தொழுகைக்குள் நஜ்மா முழுவதும் மாடாக இருந்தது. சோமாலியா மாடா, சூடான் மாடா, தலைக்கு எவ்வளவு என்று ஹஸ்னைன் கடையில் விவாதம் நடந்தது. எல்லோரும் மாட்டைப் பற்றிப் பேசியதால் வில்லாவைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. உலகத்தின் எந்த உளவுத்துறையும் இவ்வளவு மலிவாக ஒரு திரை போட்டதில்லை.

வில்லாவில் கிழக்குப் பக்கம் மலைக்காரர்கள் நான்கு பேர், மேற்குப் பக்கம் சமவெளிக்காரர்கள் நான்கு பேர். நடுவில் ஒரு ஹால். அது யாருக்கும் சொந்தமில்லாத பூமி. கடந்து போகலாம், நிற்கக் கூடாது. ஜாசிம் மட்டும் ஒரு கதவிலிருந்து மறு கதவுக்குச் செய்தி சுமந்தபடி நாளெல்லாம் அதில் நடந்தார். சர்வதேசப் பேச்சுவார்த்தை என்பது பெரும்பாலும் செருப்புத் தேய்கிற வேலை.

சாப்பாட்டு விஷயத்தில் ஜாசிமின் கட்டளை ஒன்றுதான்: சமம். கிழக்கே என்ன போகிறதோ அதுவே மேற்கே. முதல் நாளே மேற்குப் பழக்கூடையில் ஓர் ஆரஞ்சு கூடுதலாகப் போய்விட்டது. கிழக்கிலிருந்து அதற்குக் கண்டனம் வந்தது. அதிலிருந்து மஹ்மூது காக்காவின் உதவியாளன் வீரபாண்டி கறித்துண்டுகளைத் தராசில் வைத்தே பிரித்தான். ராமநாதபுரம் பக்கத்து ஆள். அரபியில் மூன்று சொல் தெரியும்: யல்லா, கலாஸ், மாஃபி. அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை. வில்லாவில் நடந்த பேச்சுவார்த்தையைத் தொடர்ந்து புரிந்துகொள்ள அதுவே தாராளம்.

“என்ன பாய் இது, மாட்டு யாவாரத்துக்கு இம்புட்டு வீம்பா? எங்கூருல எல்லைத் தகராறுல வெட்டிக்கிட்டவனுகளே ஒண்ணா டீ குடிப்பானுக.”

“நீ எடையப் பாரு. பெரிய யாவாரம்னா வீம்பும் பெருசாத்தான் ஈக்கும்.”

அடுத்த நாள் மேற்கு ஏசியை விடக் கிழக்கு ஏசி அதிகம் குளிர்கிறது என்று புகார் எழுந்தது. ஜாசிம் இரண்டையும் அணைத்தார். இரு தரப்பும் சமமாக வியர்த்தன. அன்று எட்டப்பட்ட ஒரே உடன்பாடு அது.

இதற்கிடையே மஹ்மூது காக்காவின் மனதை உறுத்தியது வேறொன்று. மலைக்காரர்களின் தலைவர் நரைத்த தாடிக்காரர், எழுபதைத் தொட்டவர். எல்லோரும் அவரை ஹாஜ் என்றார்கள். அவருடைய தட்டு போனபடியே திரும்பி வந்தது. சமையல்காரனுக்கு இதைவிடப் பெரிய கண்டனம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் நாஷ்டாத் தட்டும் அப்படியே திரும்பியதும் அவர் பொறுக்காமல் கிழக்கு அறைக்குள் போய்விட்டார்.

“ஹாஜ், என் சமையல்ல என்ன குறை?” என்று தன் அடுப்படி அரபியில் கேட்டார்.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “குறை உன் சமையலில் இல்லை. என் மகன் அவர்கள் சிறையில் இருக்கிறான். மூன்றாவது வருஷம். ஒவ்வொரு கவளத்துக்கும் அவன் என்ன சாப்பிட்டானோ என்று தோன்றுகிறது.”

“சிறையா? மாட்டு வியாபாரத்துக்கா?”

“என்ன மாடு?” என்றார் ஹாஜ்.

இப்படித்தான் மஹ்மூது காக்காவுக்கு விஷயம் தெரிந்தது. பெரியவர் ஒளிக்கவில்லை, களைத்துப்போன மனிதருக்கு ஒளிப்பதற்கும் தெம்பு வேண்டும். பேச்சு முறிந்துவிட்டது, மாலை விமானத்தில் இரு தரப்பும் கிளம்புகிறது, அடுத்த முறை யார் கூப்பிட்டாலும் யாரும் வரப்போவதில்லை, மகனை இனிப் பார்ப்பது மறுமையில்தான் என்றும் சொன்னார். எந்தத் தரப்பு முதலில் கைதியை விடுவது என்பதில்தான் முறிந்ததாம். நீ முதலில், நீ முதலில் என்று நான்கு நாள்.

அடுப்படிக்குத் திரும்பிய மஹ்மூது காக்கா முகத்தைப் பார்த்து வீரபாண்டி பயந்துபோனான்.

“என்ன பாய், சம்பளம் இல்லன்னுட்டாரா?”

“நெய்ச்சோறு ஆக்கணும்” என்றார் காக்கா. “ஊர்க் கல்யாணத்துக்கு ஆக்குற மாதிரி. கடைசிச் சோறு. அந்தப் பெரியவரு சாப்பிட்டுத்தான் போவணும்.”

நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, பருப்பும் காயும் போட்ட தால்சா. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பார்த்தால் வில்லாவில் ஆளில்லை. போர் தொடரப்போகிறது என்றானதும் இரு தரப்பு இளையவர்களும் கடைசிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டிருந்தார்கள். சமமாக இரண்டு கார். ஒரே சூக்கின் இரண்டு வாசல்கள். ஜாசிம் மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு, பேச்சு தோற்றுவிட்டது என்பதை மேலிடத்துக்கு மென்மையாகச் சொல்ல வழி தேடிக்கொண்டிருந்தார்.

கிழக்கு அறைத் தரை முழுக்கப் பெட்டிகள். அதனால் மஹ்மூது காக்கா ஹாலிலேயே சாப்பாட்டு விரிப்பான சுப்ராவை விரித்தார். நடுவில் சஹனை வைத்தார். ஹாஜ் மறுத்துப் பார்த்தார். காக்கா விடவில்லை, கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தார்.

அதோடு மூடியைத் திறந்து “பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க” என்றிருந்தால் வரலாறு வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஆனால் சஹன் என்பது தட்டு அல்ல. அது நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தாம்பாளம். எத்தனை பேருக்கு ஒரு சஹன் என்பது ஊருக்கு ஊர் மாறும். மஹ்மூது காக்காவின் பந்தியில் நான்கு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் மூடி திறக்காது. ஊர்க் கல்யாணங்களில் இளவட்டமாகப் பந்தி விசாரித்த காலத்தில் அவர் வேலையே அதுதான். “சஹனுக்கு ஆள் குறையுது, ஆள் குறையுது!” என்று கத்திக்கொண்டு, கண்ணில் படும் எவனையும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைப்பது. அவன் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா, வழிப்போக்கனா, எதிர்வீட்டோடு வழக்கு நடத்துகிறவனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பார்த்தால் சோறு ஆறிவிடும். அந்தப் பழக்கம் அவர் கைக்குள் இருந்தது. மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிற பழக்கமில்லை அது.

ஹாஜ் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். மூடி திறக்க மறுத்தது. காக்கா நிமிர்ந்தார். மேற்குக் கதவோரம் ஒருவர், பற்றவைக்காத சிகரெட்டும் கையுமாக நெருப்புத் தேடி நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க வாங்க, சஹனுக்கு ஆள் குறையுது!” என்று சுத்தமான அதிரைத் தமிழில் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்து, இழுத்து, ஹாஜுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டார்.

அவர் சமவெளிக்காரர்களின் தலைவர். தடித்த கண்ணாடி, ஐம்பது வயது, முன்னாள் வாத்தியார். விருந்தில் கையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்துவிடுவது அவர் ஊரிலும் பழக்கம் போலும். உட்கார்ந்த பிறகுதான் எதிரே இருப்பது யார் என்று பார்த்தார்.

காக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஓர் உள்நாட்டுப் போரை அப்படியே கொண்டுவந்து சுப்ராவில் உட்கார வைத்திருக்கிறார். எழுந்திருங்கள் என்று சொல்லலாம். ஆனால் பந்தியில் உட்கார்ந்த ஆளை எழுப்புவதா? அதிராம்பட்டினத்தில் அதற்குப் பிறகு ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே இந்த இக்கட்டில் எந்தப் பந்திக்காரனும் செய்யக்கூடியதையே செய்தார். மிச்சமுள்ள இடங்களை நிரப்பினார். ஒன்றில் தானே உட்கார்ந்தார். நான்காவதற்கு, தண்ணீர்ச் செம்போடு வந்த வீரபாண்டியைப் பிடித்தார்.

“நானா? பாய், நான் பரிமாற வந்தவன் பாய்!”

“சஹனுக்கு முன்னாடி பரிமாறுறவன் கெடயாது, தின்னுறவன்தான். ஒக்காருடா. கை கழுவுனியா?”

இவ்வாறாக மலையும் சமவெளியும் அதிராம்பட்டினமும் ராமநாதபுரமும் கூடிய நான்கு தரப்பு மாநாடு தொடங்கியது.

மூடி திறந்தது. நெய் மணம் எழுந்தது. யாரும் கை வைக்கவில்லை. பெரியவர் தொடாமல் தான் தொடக்கூடாது என்று கண்ணாடிக்காரர் காத்திருந்தார். எதிரே உட்கார்ந்தவர் தொடாமல் தான் தொடக்கூடாது என்று பெரியவர் காத்திருந்தார். நான்கு நாளாக எதில் முறிந்ததோ அதே இடம். நீ முதலில். இந்த முறை மரியாதைக்காக என்பதுதான் வித்தியாசம்.

பேச்சு முறிவதைக் காக்கா தாங்கிக்கொள்வார். நெய் உறைவதைத் தாங்க மாட்டார்.

“உங்க சண்டை நாளைக்கும் சூடா ஈக்கும்” என்றார், அடுப்படி அரபியில், கெஞ்சலும் அதட்டலுமாக. “இந்தச் சோறு ஈக்காது.”

ஒரு கை நீண்டது. உடனே இன்னொன்றும் நீண்டது. மஹ்மூது காக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஹாஜ் பெரிய கறித்துண்டைப் பிய்த்து, பழக்கதோஷத்தால் முதலில் வயதில் சின்னவனான வீரபாண்டியின் பக்கம் தள்ளினார். அடுத்ததைக் கண்ணாடிக்காரர் பக்கம். தள்ளிய பிறகு கை சற்றே நின்றது. ஆனால் தள்ளியது தள்ளியதுதான்.

“என் வாப்பாவும் இப்படித்தான், கடைக்குட்டிக்கு முதலில் வைப்பார்” என்றார் கண்ணாடிக்காரர், சோற்றைப் பார்த்தபடி.

சஹனில் பாதிச் சோறு இறங்கியது. பிறகு ஹாஜ் தலையைத் தூக்காமலே கேட்டார்: “என் மகன் சாப்பிடுகிறானா?”

கண்ணாடிக்காரரின் கை நின்றது. “போன மாதம் பார்த்தேன். சிறைக்கு அவன்தான் சமைக்கிறான். நானும் சாப்பிட்டேன்.” கொஞ்சம் தயங்கினார். “உப்பு அதிகம்.”

“அவன் உம்மாவும் அப்படித்தான்” என்றார் ஹாஜ். சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறி, தாடி வழியே இறங்கியது. நாள் கணக்கில் திருப்பி அனுப்பிய சோறெல்லாம் ஒன்றாகப் பசித்ததுபோல் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே அழுதார்.

“காரம் ஏறிருச்சு பாய்! நான் அப்பவே சொன்னேன், மொளகாய கொறைங்கன்னு!” என்று வீரபாண்டி தண்ணீரை எடுத்து நீட்டினான். கண்ணாடிக்காரர் அதை வாங்கித் தன் கையால் பெரியவருக்குக் கொடுத்தார்.

தோல்வியை அறிவித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கிய ஜாசிம் கதவருகே கல்லாக நின்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே பூனைபோல் ஏறிப்போய், மேலிடத்துக்கு மறுபடி போன் செய்தார். எதையும் அறிவித்துவிட வேண்டாம் என்று.

தால்சா தீர்வதற்குள் முக்கியமானது தீர்ந்துவிட்டது. நோயாளிகள் முதலில், சின்னப் பையன்கள் அடுத்து, மற்றவர்கள் பிறகு. இரு பக்கமும் ஒரே நாள், ஒரே நேரம். மூன்று தவணையாக லாரிகள். கண்ணாடிக்காரர் பெரியவரின் மகனை முதல் லாரியில் அனுப்புவதாகச் சொன்னார். ஹாஜ் தலையசைத்து மறுத்துவிட்டார்.

“அவன் முதலில் வந்தால், கிழவன் தன் பிள்ளைக்காகப் பேசினான் என்பார்கள். கடைசி லாரியில் வரட்டும்.”

கைகழுவும்போது ஹாஜ், காக்காவின் காதருகே குனிந்தார். “முதலில் கை வைத்தது யார் என்று நீ பார்த்தாய்.”

“நான் எங்க ஹாஜ் பார்த்தேன்? தால்சா ஊத்திக்கிட்டு ஈந்தேன்.”

அவர் வயிற்றில் ஒரு சேதி தங்கிய முதல் சம்பவம் அது. அஜீரணம் போலிருந்தது என்று அவருக்கே தோன்றியது.

விமானம் ரத்தானது. மறுநாள் எல்லாம் எழுதி முடித்து அவர்கள் கிளம்பிய பிறகு ஜாசிம் அடுப்படிக்கு வந்து, மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“யா மஹ்மூது, பத்து வருஷமாக உன்னைத் தெரியும். ஆகவே காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். மலையில் துப்பாக்கி வைத்திருக்கும் பையன்களுக்குத் தங்கள் ஹாஜ் எதிரியோடு ஒரே தட்டில் சாப்பிட்டார் என்று இப்போது தெரிந்தால், லாரிகள் நடுவழியில் நின்றுவிடும். கடைசி லாரியில் யார் வருகிறான் என்று உனக்கே தெரியும். அதுவரை...”

“அதுவரைக்கும் நான் மையத்து அர்பாப், செத்த பொணம்” என்றார் காக்கா.

சொல்வது சுலபம். நஜ்மா கேட்கிறதே!

“மாட்டு யாவாரம் என்னங்காக்கா ஆச்சு?” என்றார் ஹஸ்னைன் அன்றைக்கே.

“வெல படிஞ்சிடுச்சு.”

“எவ்வளவுக்கு?”

“படிஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டு, குடிக்காத டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அதன் பிறகு காக்கா பேசுவது குறைந்தது. ஒரு சேதியை அடக்கினால் மற்றவற்றையும் சேர்த்து அடக்க வேண்டியிருக்கிறது, கதவு ஒன்றுதானே. நஜ்மா கலங்கிப்போனது. சர்க்கரை வியாதி என்றார்கள். விசா சிக்கல் என்றார்கள். ஊரில் இரண்டாம் கல்யாணம் பேசுகிறார் என்று ஹஸ்னைன் வாசனை ஏற்றினார். அது வளைகுடாவைத் தாண்டி அதிராம்பட்டினம் போய்ச் சேர்ந்து, மனைவி ஹாலிதா போனில் விசாரணை நடத்தினார்.

“என்ன மறைக்கிறீங்க என்கிட்ட?”

“ஒண்ணும் மறைக்கல புள்ள.”

“முப்பது வருஷமா மூச்சு விடாமப் பேசுன மனுசன், மூணு வெள்ளிக்கிழமையா ‘ம்’ கொட்டுறீங்க. யாரு அவ?”

இந்தப் பழியையும் காக்கா தாங்கினார். ஒரு நாட்டின் சமாதானத்துக்காக இன்னொரு நாட்டில் தன் குடும்ப சமாதானத்தைப் பணயம் வைத்தவர்கள் தூதர்களிலேயே குறைவு.

வீரபாண்டியைப் பற்றிக் கவலை இல்லை. அவனைப் பொறுத்தவரை நடந்தது இவ்வளவுதான்: மாட்டு யாவாரிகள் இருவர் ராசியானார்கள், கிழவருக்குக் காரம் ஏறியது. “பாய், வாய்க்கு லீவு குடுத்துட்டீகளா? திரும்பி எப்ப டூட்டி?” என்பது மட்டும் அவன் கேலி.

உண்மையான சோதனை முதல் லாரிகள் எல்லை கடந்த அன்று வந்தது. டீக்கடை ரேடியோவில் சேதி சொன்னார்கள். ஹஸ்னைன் எழுந்து நின்றுகொண்டார்.

“இதுக்குப் பின்னால என்ன நடந்துச்சு தெரியுமா? வல்லரசு ஒண்ணு கப்பலக் கொண்டுவந்து கரையில நிறுத்திட்டான். பீரங்கிய அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிருக்கான். ரெண்டு பேரும் நடுங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டானுவ!”

“நம்ம தோஹாலதான் பேசுனாங்கன்னு ரேடியோவுல சொன்னானே” என்றார் ஒருவர்.

“தோஹாக்காரன் என்ன செஞ்சிருப்பான்? சோறு போட்டிருப்பான்!”

டீக்கடை குலுங்கிச் சிரித்தது. மஹ்மூது காக்காவின் நாக்கின் நுனியில் நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தால்சா எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் சூடான டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்து, அதனால் பிழைத்தது.

இரண்டாவது தவணைக்கு அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு மாலை ஜாசிமின் கார் மெஸ் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் முகத்தைப் பார்த்ததுமே காக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“வந்துட்டானா?”

“வந்துவிட்டான். ஹாஜே போன் செய்தார். பின்னால் ஒரே துப்பாக்கிச் சத்தம். போர் மறுபடி வந்துவிட்டது என்று எனக்கு உயிர் போய்விட்டது. ‘பயப்படாதே, வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தரையும் குறிபார்க்காமல் சுடுகிறார்கள்’ என்று சிரிக்கிறார். கண்ணாடிக்காரரும் அங்கே இருக்கிறாராம், விருந்துக்கு. யா மஹ்மூது!” என்று ஜாசிம் அவரைக் கட்டிப்பிடித்து, நெய்யும் வெங்காயமும் மணத்த கன்னத்தில் முத்தமிட்டார். “இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல். தோஹா முழுக்கச் சொல்!”

மஹ்மூது காக்கா குளித்தார். பெருநாளுக்கு வைத்திருந்த சட்டையைப் போட்டார். அத்தர் தடவினார். ஒரு போரை நிறுத்திய மனிதர் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி, நடுத்தெருவில், கார்க்காரர்கள் ஹாரன் அடிக்க அடிக்க நடந்தார். அவருக்கு அன்று நஜ்மாவே சிறியதாக இருந்தது. டீக்கடையில் கூட்டம் நிறைந்திருந்தது, ஹஸ்னைனும் இருந்தார். புதுச்சட்டையைப் பார்த்ததும் அத்தனை பேரும் திரும்பினார்கள். யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“என்னங்காக்கா, வாசனை ஒரு மாதிரி ஈக்கே! விஷயம் என்ன?” என்றார் ஹஸ்னைன்.

காக்கா வாயைத் திறந்தார்.

திறந்த வாய்க்கு எதிரே, தான் சொல்லப்போகும் கதை கிளம்பிப் போகும் வழி முழுவதும் அவருக்குத் தெரிந்தது. அந்த வழியை அவர்தானே போட்டவர். அந்தி மஃரிப் தொழுகைக்குள் ஹாஜ் இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுவார். ராத்திரி இஷா தொழுகைக்குள் கண்ணாடிக்காரர் அவர் காலில் விழுவார். மறுநாள் காலையில், சஹனில் முதலில் கை வைத்தது யார் என்று பந்தயம் கட்டுவார்கள். ஒரு கிழவர் சோற்றின் முன் தலை குனிந்து “என் மகன் சாப்பிடுகிறானா” என்று கேட்டது, பால் டீக்கு ஒரு தடவை, பாலில்லாத சுலைமானிக்கு ஒரு தடவை என்று நஜ்மா முழுவதும் பரிமாறப்படும்.

வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

“ஒண்ணுமில்ல” என்றார். “மேலுக்குக் கொஞ்சம் நல்லா ஈந்துச்சு, சும்மா வந்தேன்.”

கூட்டம் ஏமாந்துபோய் மறுபடி ரேடியோ பக்கம் திரும்பியது. கடைசி லாரியும் போய்ச் சேர்ந்த சேதி அப்போதுதான் வாசிக்கப்பட்டது. ஹஸ்னைன் உடனே எழுந்து நின்றார்.

“நான் சொல்லல்ல? கப்பல் வந்தப்பவே எனக்குத் தெரியும். பீரங்கி மட்டும் நாப்பது!”

மஹ்மூது காக்கா ஹஸ்னைன் பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் பெருநாள் களை.

“அப்படியா?” என்றார். “அப்புறம்?”